மழை வந்தால் பூக்கும் பச்சை

தருமபுரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். பழைய உலோகப் பொருள்களை அரிப்பிலிருந்து காப்பது என் தொழில்.

போன ஐப்பசியில் பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா, தம் மாமியார் வீட்டு வெண்கலப் பானையைக் கொண்டுவந்தார். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். விளிம்புக்கு அடியில் கடலைப்பருப்பு அளவுக்கு வெளிர்பச்சைப் பொடி. “எவ்வளவு தேய்த்தாலும் மழை வந்தால் மறுபடி பூக்கிறது, ஐயா” என்றார். எதைப் போட்டுத் தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். புளியும் கல்லுப்பும்.

அந்த உப்புதான் நோய்க்குத் தீனி. அதிலுள்ள குளோரைடு வெண்கலத்தின் நுண்குழிகளில் செம்போடு சேர்ந்து தங்கிவிடுகிறது. ஈரக்காற்று பட்டால் பச்சைப் பொடியும் அமிலமும் உண்டாகின்றன. அமிலம் அடியிலுள்ள செம்பை அரிக்க, மீண்டும் அதே குளோரைடு. இதற்கு வெண்கல நோய் என்று பெயர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் ஆய்வகம் அமைத்து, இப்படி நோயுற்ற செப்புத் திருமேனிகளுக்கு வைத்தியம் செய்தார்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சை வேறு. சமையல் பாத்திரத்தில் அது ஆகாது. ஆனால் பழம்பொருளுக்கு அது தோல், உரிக்கக் கூடாது.

பொடியை உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் எடுத்தேன். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறல். நீரை மாற்றும்போதெல்லாம் அதில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்; பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் இறங்குகிறது என்று பொருள். தெளிய ஏழு வாரம் ஆயிற்று. பட்டறையில் சக்கரத்தில் பிடித்திருந்தால் பத்து நிமிடத்தில் பளபளத்திருக்கும், பெயரும் போயிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சொம்பை அப்படிக் கொடுத்துப் பெயரை இழந்தவன் நான். அந்த வீட்டாரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இரும்பு இதைவிடக் கடினம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது. அத்தனை காலம் மண்ணில் கிடந்தால் உள்ளே இரும்பே மிஞ்சாமல் போகலாம், துருதான் பொருள். கத்திப்பிடி மரத்தின் ரேகைகூட அந்தத் துருவில் பதிந்திருக்கும். வயலில் அப்படி ஏதாவது கிடைத்தால் கம்பி பிரஷ்ஷை எடுக்காதீர்கள். மண்ணோடு அப்படியே வைத்துவிட்டு வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள்.

பானைக்குக் கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்தேன். இனி இதில் பொங்கல் வைக்க முடியாது என்று சொல்வதுதான் எனக்குக் கனமாக இருந்தது. அந்த அம்மா பெயரின் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “அடுப்புக்குப் பக்கத்திலாவது வைக்கலாமா?” என்று கேட்டார். ஆவி படாத தூரத்தில் வையுங்கள் என்றேன்.