ரிப்போர்ட் நோர்மல், அப்பா மட்டும் பழையபடி இல்லை: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விதான். வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. வாசித்த நாளில் இருந்து மனதை விட்டுப் போகவில்லை, அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

அவர் எழுதியது இதுதான். "அப்பாவுக்கு 62 வயது. கடும் நிமோனியா வந்து ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருந்தார். வீட்டுக்கு வந்து 3 மாதம் ஆகிறது. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் நோர்மல் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒழுங்கை முடக்கு வரைக்கும் நடந்தாலே களைத்து உட்கார்ந்துவிடுகிறார். கடையில் மிச்சக் காசை எண்ணத் தடுமாறுகிறார். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். ஐ.சி.யூ.வில் தன்னைக் கட்டிப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று இன்னும் சொல்கிறார். ரிப்போர்ட் எல்லாம் நல்லது என்றால் அப்பா வேண்டுமென்று இப்படி இருக்கிறாரா? எப்போது பழையபடி ஆவார்? அம்மாவும் களைத்துப்போய்விட்டார்."

முதலில் நேரடிப் பதில். இல்லை தங்கச்சி, அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. நீங்கள் எழுதிய நான்கு விஷயமும், நடக்க ஏலாமை, கணக்குத் தடுமாற்றம், கோபம், அந்தப் படகு, நான்கும் ஐ.சி.யூ.வில் இருந்து மீண்டவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய கூட்டறிகுறி என்று சொல்லலாம். 2010 இல் அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் நிபுணர்களைக் கூட்டிப் பேசி, 2012 இல் வெளியிட்ட பெயர் அது. உடல், நினைவாற்றல், மனம், இந்த மூன்றிலும் நோய்க்குப் பிறகு நிற்கிற குறைகளைச் சேர்த்துச் சொல்வது.

கனடாவில், டொரொன்டோவில், மார்கரெட் ஹெரிட்ஜ் என்ற மருத்துவரின் குழு செய்த ஆய்வை நான் இங்கே முன்பும் சொல்லியிருக்கிறேன். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு ஐ.சி.யூ.வில் கிடந்து உயிர் தப்பிய 109 பேரை 5 வருடம் பின்தொடர்ந்தார்கள். 5 வருடம் முடிந்தபோது அவர்களின் நுரையீரல் பரிசோதனைகள் கிட்டத்தட்ட நோர்மல். ஆனால் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த வயதுக்காரர் நடக்க வேண்டிய தூரத்தில் 76 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்கள் பெரும்பாலும் நாற்பதுகளில் இருந்தவர்கள். முதல் வருட முடிவில் வேலைக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். அவர்களுடைய எக்ஸ்ரேயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

ஏன் நடக்க ஏலவில்லை? கடும் நோயில் படுத்திருக்கும்போது தசை மிக வேகமாகக் கரைகிறது. இங்கிலாந்தில் ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேன் எடுத்து அளந்து 2013 இல் வெளியிட்டார்கள். 10 நாளில் தசையின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 18 சதவீதம் போயிருந்தது. 10 நாள்தான். அது திரும்பி வர மாதக் கணக்கு வேண்டும். சும்மா காத்திருந்தால் வராது, தசையை வேலை வாங்கினால்தான் வரும்.

மிச்சக் காசு விஷயம். அமெரிக்காவில் நாஷ்வில் நகர மருத்துவர்கள் 821 பேரை வைத்துச் செய்த ஆய்வு அதே 2013 இல் வந்தது. ஐ.சி.யூ.வில் இருந்து வந்து 3 மாதம் ஆனபோது 40 சதவீதம் பேரின் நினைவாற்றல், தலையில் நடுத்தரக் காயம் பட்டவர்களில் காணும் அளவுக்குக் குறைந்திருந்தது. வயதானவர்களில் மட்டும் இல்லை, இளையவர்களிலும்தான். ஐ.சி.யூ.வில் எத்தனை நாள் மூளை குழம்பிக் கிடந்ததோ, அதற்கேற்பப் பின்னால் குறையும் கூடியது. அப்பா கடையில் நின்று நூறு ரூபாய்த் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார் என்றால், அந்த இடத்தில் "என்னப்பா, இதுகூடத் தெரியாதா" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். பின்னால் ஆட்கள் நிற்கும்போது எண்ணச் சொல்லாமல், வீட்டில் மேசையில் வைத்து ஆறுதலாக எண்ணச் சொல்லுங்கள். அதுவும் பயிற்சிதான்.

அந்தப் படகு. ஐ.சி.யூ.வில் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கச் சில நேரம் மணிக்கட்டை மெதுவாகக் கட்டி வைப்பார்கள். முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போடுவார்கள், அது மாறி மாறி ஊதி இறங்கும். கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போவார்கள். மயக்க மருந்துக்குள் கிடக்கிற மூளை இதையெல்லாம் சேர்த்து ஒரு கதை கட்டிக்கொள்ளும். அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நடந்ததுதான். ஐரோப்பாவில் சில நாடுகளில் ஐ.சி.யூ. தாதிமாரும் வீட்டாரும் ஒரு கொப்பியில் அன்றன்று நடந்ததை எழுதி வைத்து, பிறகு நோயாளியிடம் கொடுப்பார்கள். 2010 இல் வந்த ஆய்வொன்றில், கொப்பி கிடைத்தவர்களில் புதிதாக மன அதிர்ச்சி நோய் வந்தது 5 சதவீதம் பேருக்கு. கிடைக்காதவர்களில் 13 சதவீதம். நீங்களும் இப்போது செய்யலாம். அம்மாவும் நீங்களும் அப்பாவோடு இருந்து, எந்த நாள் குழாய் போட்டார்கள், எந்த நாள் எடுத்தார்கள், யார் யார் பார்க்க வந்தார்கள் என்று கதைத்து எழுதுங்கள். அவர் கேட்க விரும்பினால் மட்டும். வற்புறுத்த வேண்டாம்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். எப்போது பழையபடி ஆவார்?

இதற்கு நான் ஒரு திகதி சொல்ல மாட்டேன். நீங்கள் அப்பாவிடம் இன்னும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். "அப்பா, உங்களுக்கு எது திரும்பக் கிடைத்தால் போதும்?" என்று அவரிடமே கேளுங்கள். இதை நான் எத்தனை வீடியோவில் சொன்னாலும் இன்னும் சொல்வேன். அவரிடமே கேளுங்கள். உங்களிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, ரிப்போர்ட்டிடம் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். செட்டியார் தெருவில் நகைவேலை செய்கிற ஒரு ஐயா என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். அவரும் ஐ.சி.யூ.வில் இருந்து மீண்டவர். நடை நல்லது. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவார், மாடிப்படி ஏறுவார். என்னுடைய தாளில் எல்லாம் சரி போட்டாயிற்று. ஆனால் மனிதர் முகத்தில் சந்தோஷமே இல்லை. என்ன ஐயா என்று கேட்டால், பையில் இருந்து ஊதுகுழலை எடுத்துக் காட்டினார். பித்தளைக் குழல், நுனி வளைந்தது. சங்கிலிக் கண்ணியைப் பற்றவைக்க வேண்டும் என்றால் சுடரை அந்தக் குழலால் ஊதி, ஒரே சீராக, ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும். மூச்சு நடுவில் அறுந்தால் பற்றவைக்கிற பொடி உருகாது, கூடிப் போனால் கண்ணியே உருகிவிடும். அவருடைய மூச்சு அறுந்துகொண்டே இருந்தது. கையில் சாமணம் நடுங்கியது. நான் வைத்திருந்த எந்தப் பரிசோதனையிலும் ஊதுகுழல் இல்லையே! அவருக்கோ குணமாவது என்றால் அதுதான்.

பிறகு அதற்கென்றே பயிற்சி தொடங்கினோம். போத்தலில் தண்ணீர் விட்டு, குழாய் வைத்து, குமிழி தொடர்ந்து வருகிற மாதிரி மெதுவாக நீளமாக ஊதுவது. கைக்கு, அரிசிமணியைச் சாமணத்தால் எடுத்து வைப்பது. முன்னேற்றம் வந்தது, முழுதாக வரவில்லை. இப்போது பற்றவைக்கிறது மகன், கண்ணி கோர்ப்பதும் மெருகு போடுவதும் இவர். ஒரு நாள் நான் கேட்டேன்: ஐயா, பூச்சியத்தில் இருந்து நூறு வரை கோடு போட்டால் இன்று உங்கள் உடல்நலம் எங்கே? யோசிக்காமல் எண்பது என்றார். நான் வெளியில் இருந்து பார்த்து அறுபது கொடுத்திருப்பேன். அவருடைய எண்பதுதான் கணக்கு.

அந்த நூறு வரைக்கும் போகிற கோடு நானாக உருவாக்கியது இல்லை. யூரோகொல் என்ற ஐரோப்பிய ஆய்வாளர் குழு 1990 இல் வெளியிட்ட கேள்வித்தாளில் உள்ளது. இப்போதைய வடிவில் ஐந்து விஷயம்தான் கேட்பார்கள்: நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை. பிறகு அந்தக் கோடு. உலக சுகாதார நிறுவனத்துக்கும் ஒரு வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் இருக்கிறது, சுருக்க வடிவில் 26 கேள்வி. உடல், மனம் மட்டும் இல்லை, உறவுகள், இருக்கிற வீடு, கையில் காசு, போக்குவரத்து வரைக்கும் கேட்கும். அதைத் தொடக்கத்தில் உருவாக்கிய 15 நிலையங்களில் ஒன்று சென்னை, அன்றைய மெட்ராஸ். நம்முடைய மொழி பேசுகிற நோயாளிகளிடம், நல்ல வாழ்க்கை என்றால் உங்களுக்கு என்ன என்று ஆரம்பத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பு இருக்கிறது.

கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். நியூயோர்க்கில் ஈதன் பாஷ் என்ற புற்றுநோய் மருத்துவர் 766 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வைப் பாருங்கள். ஒரு பகுதியினர் வழக்கமான கிளினிக். மற்றவர்கள் வலி, வாந்தி, மூச்சு வாங்குதல் போன்ற 12 தொல்லைகளைக் கணினியில் தாங்களே பதிந்துகொண்டு வந்தார்கள். ஏதாவது மோசமானால் தாதிக்குச் செய்தி போகும். 2017 இல் முடிவு வந்தது. வழக்கமான கிளினிக்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், தாங்களே சொன்னவர்களில் பாதிப் பேர் 31 மாதத்துக்கு மேல். புது மருந்து ஒன்றும் இல்லை. கேட்டார்கள், சொன்னதைக் கவனித்தார்கள்.

இனி நம்முடைய கிளினிக்கை நினையுங்கள். விடிய முன்னம் போய் நம்பர் எடுத்து, நெடுநேரம் வாங்கில் இருந்து, உள்ளே போனால் நின்று கதைக்க நேரமில்லை. டொக்டர் சிங்களத்தில் "கொஹொமத?", எப்படி இருக்கிறீர்கள், என்பார். அப்பா "ஹொந்தாய்", நல்லது, என்பார். முடிந்தது. டொக்டரைக் குறை சொல்லவில்லை, வெளியில் அவ்வளவு சனம். ஆனால் ஒழுங்கை முடக்கும் மிச்சக் காசும் அந்த அறைக்குள் போகவே இல்லை. ஆகவே அடுத்த முறை கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாள் வையுங்கள். அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியதாக இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் நடக்கிறார், எங்கே உட்காருகிறார், இரவில் எத்தனை மணிக்கு விழிக்கிறார், எதை அவரால் செய்ய ஏலவில்லை. சிங்களத்தில் எழுதக்கூடிய யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால் அந்த மொழியிலும் எழுதி வாங்குங்கள். பிசியோதெரபிக்குக் கடிதம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம், ராகமையில் புனர்வாழ்வுக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. மனம் சோர்ந்து கிடக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

வீட்டில், டொக்டர் சம்மதித்தால், சாப்பாட்டுக் கதிரையில் இருந்து எழும்பி உட்காருவதில் தொடங்குங்கள். முடக்கு வரை நடக்கிறவரை ஒரேயடியாகக் காலி வீதி வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். முடக்குக்கு முன்னமே திரும்பச் சொல்லுங்கள், பின்னேரம் இன்னொரு முறை போகலாம். முட்டை, மீன், பருப்பு, டொக்டர் தடுக்காத அளவுக்கு ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மறுபடி காய்ச்சல் வந்தால், இதெல்லாம் வழக்கமான களைப்பு என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் பல தரம் வாசித்தேன். அம்மாவும் களைத்துப்போய்விட்டார். அதற்குக் கேள்விக்குறியே நீங்கள் போடவில்லை. என்னிடம் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். நான் சொன்ன அதே டொரொன்டோக் குழு, ஐ.சி.யூ.வில் இருந்து வந்தவர்களைப் பராமரிக்கிற 280 பேரைப் பார்த்து 2016 இல் எழுதியது. தொடக்கத்தில் 67 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கடுமையாக இருந்தன. ஒரு வருடம் கழித்தும் 43 சதவீதம் பேரிடம் இருந்தன. நோயாளி தேறிவருகிறார், பார்த்துக்கொள்கிறவர் தேறவில்லை. அந்தப் பராமரிப்பாளர்களில் கூடுதலானோர் பெண்கள்.

அம்மா இரவில் தூங்குகிறாரா? அப்பா விழிக்கும்போது அவரும் எழும்புகிறாரா? பிரஷருக்கோ சீனிக்கோ குளிசை எடுப்பவர் என்றால், இந்த மூன்று மாதத்தில் தன்னுடைய கிளினிக்குக்கு ஒரு தடவையாவது போனாரா? வாரத்தில் இரண்டு இரவு நீங்களோ சகோதரங்களோ அப்பாவின் அறையில் படுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அம்மாவிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள், உங்களுக்கு எது திரும்பக் கிடைத்தால் போதும் என்று. வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய்வந்தால் போதும் என்று சொல்லலாம், மத்தியானம் ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் போதும் என்றும் சொல்லலாம். என்ன சொல்கிறாரோ அதை அடுத்த வாரத்தில் இருந்தே ஒழுங்கு பண்ணுங்கள். இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைக் கதைப்போம்.