பழைய ஏட்டைச் சரியாகப் படித்தவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றதும் பள்ளியில் படித்த ஒரு கதை நினைவுக்கு வரும். 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடி வந்தார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. தேர்வுக்கு இது போதும். ஆனால் மனுவேல் கிரிசோலோராஸ் என்ற கிரேக்க ஆசிரியர் 1397லேயே புளோரன்சில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். லத்தீன் ஏடுகளைத் தேடும் வேலை அதற்கும் முன்பே ஆரம்பித்தாயிற்று. ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை வெரோனாவில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தது 1345இல்.

அப்படி ஏடு தேடி அலைந்தவர்களில் போஜ்ஜோ பிராச்சியோலினி என்று ஒருவர். போப்பாண்டவரிடம் எழுத்தராக இருந்தவர். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபை மாநாடு அவருடைய போப்பையே பதவியிறக்கிவிட்டது. மனுஷனுக்கு வேலை போயிற்று, நேரம் மிஞ்சியது. 1416இல் நண்பர்களோடு செயின்ட் கால் மடாலயத்துக்குப் போனார். அங்கே ஒரு கோபுரத்தின் அடியில், இருட்டறையில், தூசியும் பூஞ்சையும் படிந்து ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியனின் பேச்சுக்கலை நூல் முழுசாகக் கிடந்தது. மரண தண்டனை பெற்றவனைக்கூட இப்படி ஓர் இடத்தில் தள்ளமாட்டார்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். பிறகு தானே உட்கார்ந்து நகல் எடுத்தார். அடுத்த ஆண்டு லுக்ரீசியஸ் கிடைத்தார். உலகம் அணுக்களால் ஆனது என்று பாடிய ரோமானியக் கவிஞர் அவர்.

இவர்கள் யாரும் புதிதாக எதையும் செய்யக் கிளம்பவில்லை. என்னைக் கேட்டால், அசல் பழமைவிரும்பிகள் என்பேன். சிசரோ எழுதியதுபோல் லத்தீன் எழுத வேண்டும், நகலெடுத்தவர்கள் சேர்த்த பிழைகளை நீக்கி முன்னோர் சொன்னதை அப்படியே மீட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அப்புறம் எப்படி எல்லாம் தலைகீழாயிற்று? ஏட்டைச் சரிபார்த்துப் பழகிய கை, ஏடு சொல்வதையும் சரிபார்க்கத் தொடங்கியது. நான் சொல்ல வந்தது இதுதான்.

லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் 1440இல் செய்தது இதைத்தான். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு ஐரோப்பாவின் ஆட்சியுரிமையைப் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. அதன் லத்தீன் நடை கான்ஸ்டன்டைன் வாழ்ந்த நாலாம் நூற்றாண்டு நடையே அல்ல, போலி என்று காட்டினார். வெறும் இலக்கண அறிவு, அது போய்த் தொட்டது போப்பின் அதிகாரத்தை.

கலைக்கு வருவோம். 1506 ஜனவரியில் ரோம் நகரத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் பளிங்குச் சிலைத்தொகுதி வெளிப்பட்டது. ஒரு தந்தையையும் இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி நெரிக்கின்றன. செய்தி கேட்டு ஓடியவர்களில் கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்கால்லோவும் மைக்கலாஞ்சலோவும் உண்டு. சங்கால்லோ பார்த்ததுமே, ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் நூலில் குறிப்பிட்ட லாவோகூன் சிலை இதுதான் என்றார். பதினாலு நூற்றாண்டுப் பழைய நூல் அவருக்கு அவ்வளவு மனப்பாடம். ஆனால் சிலை ஒரே கல்லில் செதுக்கியது என்று பிளினி எழுதியிருந்தார். மைக்கலாஞ்சலோவும் இன்னொரு சிற்பியும் பளிங்கை நெருங்கிப் பார்த்து, நாலு இடத்தில் ஒட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிளினிமேல் மரியாதை குறையவில்லை. ஒட்டு இருந்தது, சொன்னார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. கிரேக்க அறிவு எங்கோ புதைந்துபோய்த் திடீரென்று முளைத்ததுபோல் பேசுகிறோம். பாக்தாதில் அரபு மொழிக்குப் போய், ஸ்பெயினின் டொலேடோவில் லத்தீனுக்கு வந்து, அது உயிரோடுதான் இருந்தது. கிரேக்க வானியலாளர் தாலமியின் நூலைக் கிரெமோனாவின் ஜெரார்டு 12ஆம் நூற்றாண்டிலேயே அரபியிலிருந்து பெயர்த்துவிட்டார். மறுமலர்ச்சிக்காரர்களில் பலர் அந்த அரபு வழியை இளக்காரமாகப் பேசினார்கள். எனக்கு அது நன்றிகெட்ட பேச்சாகவே படுகிறது. கோப்பர்நிக்கஸ் அப்படியில்லை, அரபு வானியலாளர் அல்-பத்தானியைப் பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார். பூமி நகர்கிறது என்று சொல்ல வரும்போதும் அவர் பழைய நூல்களுக்குத்தான் போகிறார். முன்னோரிலேயே இப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள், சிசரோவிலும் புளூட்டார்க்கிலும் படித்தேன் என்று தன் நூலின் முன்னுரையில் எழுதினார். ஆண்டு 1543.

அதே 1543இல் பாசெல் நகரில் மனித உடற்கூறு பற்றி இன்னொரு பெரிய புத்தகம் அச்சானது. எழுதியவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், வயது இருபத்தெட்டு, பதுவா பல்கலைக்கழக ஆசிரியர். அந்தக் கால உடற்கூறு வகுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நூலை வாசிப்பார். கீழே நாவிதர் ஒருவர் பிணத்தை அறுப்பார். இன்னொருவர் குச்சியால் சுட்டுவார். வாசிப்பதும் அறுப்பதும் ஒத்துப்போகிறதா என்று கேட்க ஆளில்லை. வெசாலியஸ் கீழே இறங்கித் தானே கத்தியை எடுத்தார்.

அப்போது உடற்கூறு என்றால் கேலன்தான். ரோமில் வாழ்ந்த, இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர். உடலை அறுக்கும் முறை பற்றிய அவருடைய நூலை, வெசாலியஸுக்குப் பாரிஸில் ஆசிரியராக இருந்த குவின்டர் 1531இல் லத்தீனில் வெளியிட்டார். அதில் கேலனே சொல்கிறார்: எலும்புகளைப் புத்தகத்தில் படித்தால் போதாது, உங்கள் கண்ணால் பாருங்கள், மனித உடல் கிடைக்காவிட்டால் குரங்கை அறுத்துப் பழகுங்கள். சீடன் சொன்னபடி செய்தான். பார்த்தால், மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு. கேலன் இரண்டு என்கிறார். மூளையின் அடியில் வலைபோல ஓர் இரத்தக்குழாய்ப் பின்னல் உண்டென்கிறார் கேலன். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிறது, மனிதனுக்கு இல்லை. அதை வகுப்பில் காட்டுவதற்காகவே முன்பெல்லாம் ஓர் ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் வைத்துக்கொள்வேன் என்று வெசாலியஸே எழுதியிருக்கிறார்! கேலனின் உடற்கூறு பெரும்பாலும் குரங்கையும் மற்ற விலங்குகளையும் அறுத்துக் கண்டது என்பது அப்படித்தான் வெட்டவெளிச்சமானது.

பாரிஸில் அவருடைய இன்னோர் ஆசிரியர் சில்வியஸ். அவரால் இதைத் தாங்க முடியவில்லை. கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்றார். பழைய மாணவனைப் பைத்தியக்காரன் என்று அச்சிலேயே திட்டினார்.

வெசாலியஸ் பதுவாவை விட்டு அரச மருத்துவராகப் போய்விட்டார். பின்னாளில் அதே பதுவாவில் பாடம் நடத்திய ஃபல்லோப்பியோ 1561இல் ஒரு நூல் வெளியிட்டார். வெசாலியஸ்மேல் மிகுந்த மரியாதை உள்ளவர்தான். ஆனால் வெசாலியஸ் எங்கெங்கே தவறினார் என்பதை உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொல்லியிருந்தார்.