சந்தேகங்களுக்கு விளக்கம்: மெட்ரோவுக்கு ஏன் கடன் வாங்கணும்?

வணக்கம் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு தம்பி கேட்டிருக்காரு, "சார், சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடிங்கறாங்க, அதுல பாதிக்கு மேல கடன், வருஷா வருஷம் பட்ஜெட்ல கொஞ்சம் எடுத்து வச்சு, சேர்ந்தப்புறம் கட்டினா வட்டியாச்சும் மிச்சமாகும்ல?"

நல்ல கேள்வி தம்பி, நிறைய பேருக்கு இருக்கிற சந்தேகம்தான். ஆனா நீங்க சேர்க்கிற வேகத்தை விட சிமெண்ட்டு, கம்பி, கூலி எல்லாம் ஏறுற வேகம் ஜாஸ்தி. அதுவும் போக, இன்னைக்கு வரி கட்டுறவரு ரயில் வர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவாரு, ஆனா அது ஓடப்போறது அம்பது அறுபது வருஷம், அப்ப ஏறிப் போறவனும் அதுல ஒரு பங்கு கட்டட்டுமே. அதுக்குத்தான் கடன், வீட்டு லோன் மாதிரி.

இந்தக் கடனைக் குடுக்கறது ஜப்பான் அரசோட உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, இன்னும் ரெண்டு வங்கிங்க. 2020 நவம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க, மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர்ல. அதுவரைக்கும் இது மாநிலத் திட்டம், கடன் ஏற்பாடு பண்ற பொறுப்பு முக்கியமா மாநிலத்து தலையில. ஒப்புதலுக்கு அப்புறம் 33,593 கோடி கடன் மத்திய அரசு வாங்கின கடனா கணக்காகுது, அதோட 7,425 கோடி பங்கு முதலீடும் துணைக் கடனுமா (மத்த கடனெல்லாம் அடைச்சப்புறம் திருப்பிக் குடுக்கற கடன்) அவங்க போடறாங்க, மிச்சம் 22,228 கோடி மாநிலம். அந்த நாலு வருஷ இழுபறி பத்தி ஏற்கனவே ஒரு வீடியோவே போட்டாச்சு, விட்டுடுவோம்.

நான் எப்பவும் சொல்றது என்ன? ரெகுலரா பாக்குறவங்க இப்பவே சிரிப்பீங்க. பணம் பெரிய பிரச்சினையே இல்ல, நிலம்தான்! வேளச்சேரியிலருந்து பரங்கிமலை வரைக்கும் பறக்கும் ரயில், மொத்தமே அஞ்சு கிலோமீட்டர், 2008ல ஆரம்பிச்சாங்க. கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கு கேஸு, கோர்ட்டுன்னு பத்து வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. எந்த வட்டி இவ்வளவு தின்னிருக்கும் சொல்லுங்க? எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ரயிலை நம்பி ஆதம்பாக்கத்துல ஃப்ளாட் வாங்கினாரு, பொண்ணு அப்ப எல்கேஜி, அவ காலேஜ் சேர்ந்தப்பவும் ரயில் வரல, தினம் ஷேர் ஆட்டோதான். ஆனா ஃப்ளாட் வெலை மட்டும் ரயில் வராமலே ஏறிடுச்சு, அதுல மனுஷனுக்கு ஒரு சந்தோஷம்.

அங்கதான் தம்பி நீங்க கேக்காத கேள்வி இருக்கு, அதை நானே கேட்டுக்கறேன். ரயில் வந்தா நிலம் வெலை ஏறுது, அந்த ஏத்தம் யாருக்குப் போகுது? பக்கத்துல இடம் வச்சிருக்கவனுக்கு. கடனை அடைக்கப் போறது யாரு? ஒப்புதல்லயே எழுதியிருக்கு, குறைஞ்சது அஞ்சு வருஷம் விட்டு மெட்ரோ நிறுவனம் திருப்பிக் கட்டணும், அதால முடியலன்னா மாநில அரசு குடுக்கணும். டிக்கெட் காசுல இவ்வளவு பெரிய கடனை அடைச்சிடலாம்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

ஹாங்காங்ல என்ன பண்றாங்கன்னா, ஸ்டேஷன் மேலயும் பக்கத்துலயும் கட்டடம் கட்டுற உரிமையை ரயில் கம்பெனிக்கே, ரயில் வர்றதுக்கு முந்தின வெலைக்கு அரசாங்கம் குடுத்துடுது. அவங்க பில்டரோட சேர்ந்து கட்டி லாபத்துல பங்கு வாங்கிக்கறாங்க, அந்தக் காசு லைன் போட உதவுது. அதுக்கு நிலம் மொதல்லயே அரசாங்கம் கையில இருக்கணும், நம்ம ஊர்ல லைன் எங்க போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அக்கம்பக்கத்து மனையெல்லாம் கை மாறிடுது. 2026லருந்து 2046 வரைக்கும் சென்னைக்கு மூணாவது மாஸ்டர் பிளான் போடறாங்கள்ல, ஏறுற நிலம் வெலையில ஒரு பங்கு ரயிலுக்கு வர்றதுக்கு அதுல என்ன வழி வச்சிருக்கீங்கன்னு, அதைப் போடற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தை, அதான் சிஎம்டிஏவைக் கேளுங்க, எழுதிக் கேளுங்க.