‘எங்கே கரையைக் கடக்கும்?’

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கடலூரில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள், மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் நடக்கப் போனாலும் விடுவதில்லை. "டீச்சர், புயல் எங்கே கரையைக் கடக்குதாம்?" 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் நான். அதனால் எனக்கும் புயலுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று தெருவில் ஒரு நம்பிக்கை. இன்றைக்கு அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது, அதைச் சொல்ல வந்தேன்.

கரையைக் கடக்கிறது என்று சொல்வது புயலின் நடுப்பகுதியை. புயலோ சில நூறு கிலோமீட்டர் அகலம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் தேர் பார்த்திருப்பீர்கள். தேர் எந்த முனையில் திரும்புகிறது என்பது ஒன்று, கூட்டம் எந்தத் தெரு வரைக்கும் நெரிகிறது என்பது வேறொன்று. தேர் திரும்புகிற முனையை மட்டும் கேட்டுக்கொண்டு, நாலு தெரு தள்ளிக் கடை போட்டவர் "எனக்கென்ன" என்று உட்கார்ந்திருந்தால் கடை மிஞ்சுமா?

இவ்வளவு விவரம் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். இதில் நான் பட்ட அவமானம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் இன்றுவரை அந்தக் கதை பந்திக்கு வந்துவிடும். மற்றவர்கள் சொல்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் வருஷம், கார்த்திகை மாதம். நிவர் புயல் மரக்காணம் பக்கம் ஏறிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒடிந்த முருங்கைக் கிளைகளைக்கூட எங்கள் தெருவில் முழுசாக அள்ளவில்லை. அதற்குள் அடுத்தது கிளம்பிவிட்டது, புரெவி. இலங்கையில் திரிகோணமலைப் பக்கம் ஏறி, மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். என் தங்கை இருப்பது ராமநாதபுரத்தில். வீட்டில் மருமகள், ஐந்து மாதக் கைக்குழந்தை. நான் சும்மா இருப்பேனா? அட்லஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு போன் போட்டேன். "எல்லாரும் கிளம்பிச் சிதம்பரத்துக்குப் போயிடுங்க. தம்பி வீடு இருக்கு. புயல் வர்ற இடத்துக்கும் சிதம்பரத்துக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேலே."

"இங்கே மாடி வீடுதானேக்கா" என்றாள். "நீ புவியியல் படிச்சியா, நான் படிச்சேனா?" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் விட்டிருக்க வேண்டாம்.

பாவம், வாடகைக் காரில் புறப்பட்டு வந்தார்கள். தொட்டில் புடவை, குழந்தையின் மருந்து, அரைத்த மாவு வீணாகிவிடுமே என்று எவர்சில்வர் தூக்கில் இட்லி மாவு வேறு. இரவு சிதம்பரம் சேர்ந்துவிட்டோம் என்று போன் வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

புரெவி என்ன செய்தது? மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுவிழந்து, ராமநாதபுரம் கரைக்குச் சற்று எட்டவே நின்றுவிட்டது. ஒரு நாளுக்கு மேல் அசையவில்லை. மேலே அதைத் தள்ளிக்கொண்டு போகிற காற்று ஓய்ந்துவிட்டால் புயல் அப்படித்தான், துடுப்புப் போட ஆளில்லாத தோணி மாதிரி. அது அங்கே நிற்க, அதன் மேகம் மட்டும் வடக்கே நீண்டு வந்து கொட்டிய இடம் எது தெரியுமா? கொள்ளிடம், சிதம்பரம். ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல். நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

விடியற்காலை மூன்று மணிக்குத் தம்பி கட்டிலிலிருந்து காலை இறக்கினால் தண்ணீர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். இட்லி மாவுத் தூக்கு கூடத்தில் மிதந்து போய்க் கொல்லைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றதாம். நாலு மணிக்குத் தங்கை போன் பண்ணினாள். சத்தம் போடவில்லை. நிதானமாக ஒன்றே ஒன்று சொன்னாள். "அக்கா, பாம்பனுக்கு வர இருந்த புயலை நீதான் கார் வச்சுச் சிதம்பரத்துக்குக் கூட்டிட்டு வந்தே." ராமநாதபுரத்தில் அவள் தெருவிலும் மழைதான். ஆனால் தண்ணீர் வாசற்படி ஏறவில்லை.

வானிலைக்காரர்கள் தப்பாகச் சொன்னார்கள் என்று நானும் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மழை என்று எச்சரிக்கை தனியாக வரும். நான் அதைப் புரட்டக்கூட இல்லை. கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்லஸை மூடிவிட்டேன்.

இதே கடலூர் மாவட்டம் 2015 நவம்பரில் பட்டது நினைவிருக்கும். அது புயல்கூட இல்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அவ்வளவுதான். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் பெயர் வைப்பார்கள், அது எட்டவில்லை. பெயர் இல்லாததால் யாரும் பயப்படவும் இல்லை. நெய்வேலியில் ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் ஓடைத் தண்ணீர் வீட்டையும் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. பெயர் வைத்தால்தான் பயப்படுவோம் என்றால் எப்படி?

சரி, கணிப்பு எவ்வளவு தூரம் தப்பும் என்று கேட்பீர்கள். படம் போட்டால் அரை நிமிஷத்தில் புரியும், வானொலியில் அதற்கு வழியில்லை. நம் கரையையே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னால் "நாளைக்குப் புயல் இங்கே இருக்கும்" என்று சொன்னால், இப்போதெல்லாம் அது சராசரியாக 70, 80 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. முன்பு இருந்ததற்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் கடலூரிலிருந்து 80 கிலோமீட்டர் என்றால், தெற்கே தரங்கம்பாடி, வடக்கே கல்பாக்கத்துக்குக் கிட்டத்தட்ட. "கடலூர்" என்று ஒரு பெயரைச் சொன்னால் இத்தனை ஊரும் அதற்குள் அடக்கம். அதுவும் சராசரி. பரீட்சையில் வகுப்புச் சராசரி 60 என்றால் எல்லாரும் 60 வாங்கினார்கள் என்றா அர்த்தம்? என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்திருக்கிறது.

கணிப்பு தப்பினால் மட்டும்தான் கஷ்டம் என்றும் இல்லை. ‘தானே’ புயல் வந்தபோது கணிப்பு சரியாக இருந்தது, நாங்கள்தான் தப்பாக இருந்தோம். 2011, டிசம்பர் 30. மார்கழி பாதி. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று எங்கள் பக்கத்து வீட்டு மாமா முந்தின நாள் சாயங்காலம்கூடத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் அவர் வீட்டு ஓடு எங்கள் கிணற்றடியில் கிடந்தது. முதலில் வடக்கு ஜன்னல் படபடவென்று அடித்தது, அப்புறம் மேற்கு ஜன்னல், அப்புறம் தென்மேற்குச் சுவரில் அறைந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரங்கள் அவை. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர 18 நாள். ஜெனரேட்டர்காரர் தெருத்தெருவாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்.

அதற்கு நேர்மாறு 2016இல் வந்த நாடா புயல். கடலூரை நோக்கி வருகிறது என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருவர் ஆள் வைத்துப் படகை மேட்டுக்கு ஏற்றினார், இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். நாடா கடலிலேயே வலுவிழந்து, காரைக்கால் பக்கம் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. இரண்டு நாள் கூலி போச்சு, தொழிலும் போச்சு. "அடுத்த தடவையும் ஏத்துவீங்களா?" என்று கேட்டேன். "தானேக்கு ஏத்தாம படகு போச்சு டீச்சர். இது கூலியோட போச்சு" என்றார். அந்தக் கணக்கில் எனக்குக் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கூலியை அவர் ஒருவரே சுமக்க வேண்டுமா என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தானாம். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன், பாருங்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அங்கேயே நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கடலூரில் "கடந்து போச்சு" என்று பாயை உதறினோம். இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. புயல் கடலிலிருந்து வரும், வெள்ளம் மேற்கேயிருந்து வரும். எங்கள் மாவட்டம் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம், மறந்துவிடாதீர்கள்.

கூண்டு எண் எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் பெரிய அபாயம். எட்டு என்றால் துறைமுகத்தை இடப்பக்கமாக விட்டுப் போகிற புயல், ஒன்பது என்றால் வலப்பக்கமாக, பத்து என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. பத்தைவிடப் பதினொன்று பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள். துறைமுகத்துக்கே அந்த நிலை வரும் என்றால் நம் செல்போன் எம்மாத்திரம்? தானே சமயத்தில் எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ரேடியோதான், அதுவும் அந்தத் திண்ணை மாமாவுடையது. அதனால் ரேடியோவுக்கு நாலு செல் வாங்கி வையுங்கள். ஆனால் உள்ளே போட்டு வைக்காதீர்கள், கசிந்துவிடும், தனியாக டப்பாவில்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.