ரோம்: காலி பாட்டிலும் கொஞ்சம் சில்லறையும்

[காட்சி: தெருவோர இரும்புக் குழாய். அதன் வாயை ஒரு விரல் அடைக்கிறது.]

ரோமுக்குப் போனால் தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். காலி பாட்டில் ஒன்று போதும். இந்தக் குழாய்க்கு நசோனே என்று பெயர்; பெரிய மூக்கு என்று அர்த்தம். 1870-களிலிருந்து ஊர் முழுக்க நிற்கிறது. வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும். அப்படியே குடிக்கலாம், நல்ல தண்ணீர்.

[காட்சி: இருட்டான தேவாலயம். நாணயம் விழும் சத்தம். விளக்கு எரிகிறது.]

அப்புறம், சில்லறை. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்சேசி தேவாலயம் இருக்கிறது. ரோமில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நுழைவு இலவசம். உள்ளே இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள். பெட்டியில் நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். அவற்றில் ஒன்றில், மேசையைச் சுற்றிக் காசு எண்ணும் கூட்டம். வலது ஓரத்திலிருந்து கை நீட்டி, வரி வசூலிக்கும் மத்தேயுவைத் தன் சீடராக அழைக்கிறார் இயேசு. அந்தக் கைக்கு மேலே சாய்ந்து வரும் வெளிச்சம் மேசையில் இருப்பவர்களின் முகத்தில் விழுகிறது. அவர்களில் மத்தேயு யார் என்று இன்றும் வாதம் நடக்கிறது. 1600 வாக்கில் எந்தச் சுவருக்காக வரைந்தாரோ, அதே சுவரில் இன்றும் இருக்கிறது இந்த ஓவியம். அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலையும் இப்படித்தான். கொலோசியத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில், டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போங்கள். மதியம் பல தேவாலயங்களைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள்.

சரி, அதுதான் சாப்பாட்டு நேரம்.

[காட்சி: கத்தரிக்கோலால் பிட்சாவை வெட்டுகிறார்கள்.]

பிட்சா அல் தாலியோ என்று போட்டிருக்கும் கடையில் எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால், வெட்டி எடை போட்டுத் தருவார்கள். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை ஏறும். ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்காராதீர்கள். 2019 முதல் தடை, அபராதம் உண்டு.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். எல்லோரும் கொலோசியத்துக்கு ஓடுவார்கள். அதற்கு வேறொரு நாளில் காசு கொடுத்தே போகலாம், அந்தக் காசு தகும். ஞாயிறன்று தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டுச் சுவரோவியங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, ஓர் அறையாகவே அமைத்திருக்கிறார்கள்.

[காட்சி: நான்கு சுவரிலும் மாதுளை மரங்கள், பறவைகள், நீல வானம்.]