ஜிசி-எம்எஸ்ல பேரு வந்துட்டா, பிரிச்சு எடுத்ததா அர்த்தமா?

அடுத்த கேள்வி தேவகோட்டையிலிருந்து. எம்.எஸ்சி. படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "சார், எங்க ஊர் வேலியோரம் பறிச்ச ஆடாதோடை இலையை மெத்தனால்ல ஊறப்போட்டு, வடிகட்டி, ஜிசி-எம்எஸ்க்கு அனுப்பினேன். 23 காம்பவுண்ட் வந்திருக்கு. 23 மருந்துப் பொருளைப் பிரிச்சு எடுத்தேன்னு எழுதலாமா?"

எழுதாதீங்கம்மா. நீங்க இன்னும் எதையும் பிரிக்கலை. கையில இருக்கிறது ஒரு கரும்பச்சைச் சாறு, கூட ஒரு பேர்ப் பட்டியல், அவ்வளவுதான். ஜிசி-எம்எஸ்ங்கிறது சாறை ஆவியாக்கி, அதுல உள்ள பொருள்களோட நிறையை அளக்கிற மெஷின். சூட்டுல ஆவியாகிற பொருளை மட்டும்தான் அது பாக்கும். ஒவ்வொரு பீக்கையும், அதாவது வரைபடத்துல எழும்புற ஒவ்வொரு முகட்டையும், தன் லைப்ரரியில இருக்கிறதோட ஒப்பிட்டு 'இதுவா இருக்கலாம்'னு சொல்லும். அந்த 'லாம்'ஐ விட்டுட்டு எழுதினா தப்பாயிடும்.

இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு இலைச்சாறுல டைஆக்டைல் தாலேட் பெரிய பீக்கா வந்துச்சு. இலையோட பொருள்னே நம்பி எழுதி வச்சேன். பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கிற பொருள் அது. சாறை ஊத்தி வச்ச கேன்லேர்ந்து இறங்கியிருக்கு. உங்க பட்டியல்லயும் தாலேட்னு முடியுற பேரு இருக்கான்னு பாருங்க. இலை போடாத வெறும் மெத்தனாலையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

ஆடாதோடையில முக்கியமாத் தேட வேண்டியது வாசிசின். அது ஒரு ஆல்கலாய்டு, அதாவது செடியில உண்டாகிற நைட்ரஜன் உள்ள சேர்மம். காரக்குணம் உள்ளது; காரம்னா உறைப்பு இல்லை, அமிலத்துக்கு எதிர்க்குணம். அந்தக் குணத்தை வச்சே அதைப் பிடிக்கலாம்.

இலையை முற்றத்து வெயில்ல போடாதீங்க. நம்ம செட்டிநாட்டு வீட்டு வளவுத் தாழ்வாரம் இருக்கே, நிழலும் காத்தும் சேர்ந்த இடம், அங்க உலர்த்துங்க. முன்ன மாதிரியே மெத்தனால்ல ஊறப்போட்டு வடிகட்டி, அந்த மெத்தனாலை வெற்றிடத்துல, குறைஞ்ச சூட்டுல ஆவியாக்கி எடுத்துடுங்க. சூடு சில பொருளைக் கெடுத்துடும். சீனாவுல தூ யூயூங்கிற விஞ்ஞானி, ஆர்ட்டிமீசியாங்கிற செடியை, கொதிநிலை 35 டிகிரிதான் இருக்கிற ஈதர்ல எடுத்தப்பதான் அதோட மலேரியா மருந்து சரியா வேலை செஞ்சுது. 2015-ல நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த வேலை அது.

மிஞ்சின கசடுல நீர்த்த அமிலத்தை ஊத்திக் கலக்குங்க. வாசிசின் உப்பா மாறித் தண்ணியில இறங்கிடும்; பச்சையமும் மெழுகும் பெரும்பாலும் கரையாம நின்னுடும். வடிகட்டின தண்ணியில அமோனியாவைச் சொட்டுச் சொட்டா விட்டு, பிஎச் 9-க்கு மேல கொண்டு வாங்க. அப்புறம் அதைப் பிரிபுனல்ல (அடியில குழாய் வச்ச கண்ணாடிப் புனல்) ஊத்தி, குளோரோபார்ம் சேருங்க. அடிச்சுக் குலுக்காதீங்க, நடுவுல பால் மாதிரி ஒரு படலம் கட்டிக்கிட்டா பிரியவே பிரியாது. மெதுவா சாய்ச்சு நிமித்தி, அப்பப்ப குழாயைத் திறந்து காத்தை விடுங்க. குளோரோபார்ம் கனமானது, அடியில நிக்கும். உங்க வாசிசின் அதுலதான் இருக்கு.

அதுல ஒரு சொட்டை டிஎல்சி தட்டுல (சிலிக்கா மெல்லிசாப் பூசின தட்டு, கரைப்பான் மேல ஏறும்போது பொருள்கள் தனித்தனிப் பொட்டாகும்) வச்சு ஓட்டி, டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளிங்க. ஆரஞ்சு நிறத்துல பொட்டு வந்தா ஆல்கலாய்டு இருக்கு. நாலு பொட்டு வந்தா சிலிக்கா காலம் (column), அதாவது சிலிக்காத் தூள் நிரப்பின கண்ணாடிக் குழாய், போட்டுப் பிரிக்கணும். பொறுமை வேண்டியது இங்கதான், அதுலேர்ந்து சொட்டுறதைப் பிடிக்கிற ஒவ்வொரு பாட்டிலையும் டிஎல்சி பாத்துப் பாத்துச் சேக்கணும். கரைப்பானை மாத்தி மாத்தி ஓட்டியும் ஒரே பொட்டுன்னாதான் நிறைமாலைக்கும் (மூலக்கூறோட நிறையை அளக்கிறது) என்எம்ஆருக்கும் (காந்தப்புலத்துல வச்சு அமைப்பைப் பாக்கிறது) அனுப்பணும். வாசிசினோட நிறை 188. எலக்ட்ரோஸ்பிரேங்கிற நிறைமாலை முறையில ஒரு புரோட்டான் சேர்ந்து 189-ல தெரியும். நிறை மட்டும் போதாது, அதே நிறையில வேற பொருளும் இருக்கும். எந்த அணு எதோட சேர்ந்திருக்குன்னு என்எம்ஆர்தான் காட்டும். நிறை 202-னு வந்தா பயப்படாதீங்க, காத்துப் பட்டு வாசிசினோனா மாறியிருக்கும்.

இன்னொண்ணு, இதை விட்டுட்டா மேல சொன்னதெல்லாம் வீண். ஆடாதோடையில சிற்றாடாதோடைன்னு ஒரு வகையும் உண்டு. பூவோட ஒரு கிளையை அழுத்திக் காயவச்சு, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில இருக்கிற ரேபினட் ஹெர்பேரியம் (உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வச்சிருக்கிற இடம்) மாதிரி ஒரு இடத்துல காட்டி, செடியோட பேரை உறுதி பண்ணிக்கோங்க. பழைய ரிசல்ட்டை ஆய்வேட்டுல 'இருக்கக்கூடிய 23 சேர்மங்கள்'னு போடுங்க. பிரிச்சு எடுத்தேன்னு வாசிசின் ஒண்ணை மட்டும் எழுதுங்க, அதுவும் என்எம்ஆர் கைக்கு வந்த பிறகு.