ஒரே கேக், ஒரே மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். அவரவர் உடம்புக்கு ஏற்ற மருத்துவம் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் வெண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேக் மேல் பூசும் பட்டர்கிரீம் ஃப்ராஸ்டிங்குக்கு வெண்ணெய் ஒரு பங்கு, சலித்த ஐசிங் சர்க்கரை எடையில் இரண்டு பங்கு, கொஞ்சம் பால், வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். ஆனால் வெண்ணெயின் பதம் முக்கியம். விரல் வைத்தால் குழிய வேண்டும், எண்ணெய் மினுங்கக் கூடாது. முதலில் வெண்ணெயை மட்டும் வெளுக்க அடியுங்கள், அப்புறம் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இளகி ஒழுகினால் இன்னும் சர்க்கரை கொட்டத்தான் கை போகும். வேண்டவே வேண்டாம், தித்திப்புதான் ஏறும். சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள். திரிதிரியாக இருந்தால் குளிர் அதிகம், லேசாகச் சூடு காட்டுங்கள். குறிப்பில் இருப்பது ஒரே அளவு. கிண்ணத்தைப் பார்த்துத்தான் கை மாற வேண்டும்.

சரி, மருந்துக்கு வருகிறேன். இந்த ஃப்ராஸ்டிங்கைச் சாப்பிட்ட இருவருக்கு இரத்தச் சர்க்கரை ஒரே மாதிரி ஏறாது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 800 பேரின் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து, ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் உடம்பு வேறு விதமாக எதிர்வினை காட்டுவதை 2015இல் வெளியிட்டார்கள்.

மாத்திரையும் அப்படித்தான். கோடீன் என்ற வலிமருந்தைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றினால்தான் வலி அடங்கும். அதைச் செய்யும் நொதி சிலருக்கு வேலையே செய்யாது, அவர்களுக்கு வலி குறையாது. வேறு சிலருக்கு அது படுவேகம். வழக்கமான அளவே மூச்சை அடக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். மருந்து கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், அது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை.

வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் சில ஆசிய மரபினருக்குத் தோல் உரியும் கடும் ஒவ்வாமையைத் தரலாம். அந்த ஆபத்தைக் காட்டும் மரபணுவை முன்கூட்டியே சோதிக்க முடியும். இப்படி மற்ற மருந்துகளுக்கும் சோதனைகள் வந்துகொண்டிருக்கின்றன. பிறவி மரபணு மாறாததால், ஒரு முறை செய்த சோதனையின் முடிவு பின்னாளிலும் உதவும். ஆனால் வயது, சிறுநீரகம், கூடச் சாப்பிடும் மருந்து எல்லாமே கணக்கில் வரும். மரபணு மட்டும் போதாது.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். செலவை யார் ஏற்பது, மரபணுத் தகவல் யார் கையில் இருப்பது என்று இரண்டு பக்கம் எழுதி வந்திருக்கிறேன், நேரமில்லை. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைக் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.